அத்தானை நிறுத்தாத ஒரு கதை

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு நாற்சந்தியில், பட்டப்பகலில், என் அக்காள் கணவரின் காரில் பிறந்தது. அத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டி வண்டியை ஓரங்கட்டச் சொன்னார். அத்தானிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டியைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து, ஜன்னலில் குனிந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்.

"சார், உங்களுக்கு ஒண்ணும் பிரச்சனை இல்லையே?"

பழம் இன்னும் கொஞ்சம் கனிந்திருக்கலாம், மற்றபடி ஒன்றுமில்லை என்றேன். அவர் கண்ணால் அத்தானைக் காட்டி, பயப்படாமல் சொல்லுங்கள், நான் இருக்கிறேன் என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தான் என்னை எங்கேயோ கடத்திக்கொண்டு போகிறார் என்று அந்த மனிதர் முடிவே கட்டியிருந்தார்.

வீட்டில் போய்ச் சொன்னபோது அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் அந்தப் போலீஸ்காரரைப்போல் குனிந்து நடித்துக் காட்டினேன். அத்தானும் சிரித்தார். அவர்களுடைய மகள் மட்டும் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து தன் அறைக்குள் போய்விட்டாள். மறுநாளே நான் எழுத உட்கார்ந்தேன். சிரிப்புக் கதையாகத்தான் எழுத நினைத்தேன். அந்த நினைப்பை இன்னும் விட்டுவிடவில்லை.

2

கதைக்கு முதல் வரி வேண்டும். எழுதி எழுதி அடித்தவற்றைக் கீழே தருகிறேன்.

[அவன் முகத்தைப் பார்த்தாலே குழந்தைகள் வீரிட்டு அழும்.]

பச்சைப் பொய். குழந்தைகள் அத்தானின் தாடியைப் பிடித்துத் தொங்கும்.

[சிலருடைய முகத்தை மட்டும் ஆண்டவன் ஏதோ அவசரத்தில்]

இதை முடிக்க முடியவில்லை. அக்கா பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள்.

[வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம். மார்பில் புரளும் கருந்தாடி. இடது புருவத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் தழும்பு.* எந்நேரமும் சிவந்திருக்கும் கண்கள்.**]

இது எனக்குப் பிடித்திருந்தது. கொண்டுபோய் அத்தானிடமே காட்டினேன். அவர் வேலை செய்யும் மேசையிலிருந்து நிமிர்ந்து, கையைத் துடைத்துக்கொண்டு, நிதானமாகப் படித்தார்.

"நீயும் மூஞ்சிலதான் ஆரம்பிக்கிறே, மாப்ளே" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு மறுபடி இயந்திரத்தை ஓடவிட்டார். நான் அந்த வரிகளை அடித்துவிட்டேன். ஆனால் நீங்கள் படித்துவிட்டீர்கள். இனி நான் என்ன எழுதினாலும் அந்தத் தாடி உங்கள் மனத்திலிருந்து இறங்கப்போவதில்லை. எனக்குத் தெரியும், தழும்பு எதனால் வந்தது என்றுகூட நீங்களாகவே ஒரு கதை கட்டியிருப்பீர்கள்.

* சின்ன வயதில் அலமாரிக் கதவில் இடித்துக்கொண்டது. உள்ளே ஜாம் பாட்டில் இருந்தது.

 ** கண் சிவப்புக்குக் காரணம் அடுத்த பகுதியில் வருகிறது. நீங்கள் நினைத்த காரணம் அல்ல.

3

ஆகவே வேலையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

அத்தான் பல்செட் செய்கிறவர். ஊரிலுள்ள பல் டாக்டர்கள் வாய்களை அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் அந்த அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, தாடையை அப்படியே வெள்ளையாக வார்த்தெடுத்து, அதன்மேல் மெழுகு வைத்து, பல்லைப் பதித்து, கடைசியில் இயந்திரத்தில் அரைத்து மெருகேற்றி, டாக்டர்களிடம் கொண்டுபோய்க் கொடுப்பார். வீட்டின் முன்னறை அக்காவின் அழகுநிலையம். பின்னறை இவருடைய பட்டறை. முன்பக்கம் வருகிறவர்கள் முகத்தை மாற்றிக்கொண்டு போவார்கள், பின்பக்கம் வாய் மட்டும் தனியாக வந்துபோகும்.

அரைக்கும்போது தூசி பறக்கும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள் என்று அக்கா தலைபாடாக அடித்துக்கொள்வாள். போட்டால் பல்லின் நிறம் சரியாகத் தெரியவில்லை என்பார். அதனால் கண் சிவப்பு. சட்டையில், கைரேகைகளில், காரின் இருக்கையில், ஸ்டியரிங்கில் எல்லாம் வெள்ளைப் பொடி.

புரிகிறதா? பெரிய உருவம், தாடி, தழும்பு, சிவந்த கண், பழைய கறுப்புக் கார், அந்தக் கார் முழுக்க வெள்ளைப் பொடி. நான் எழுத்தாளன் என்ற முறையில் சொல்கிறேன், இதைக் கற்பனையாக எழுதியிருந்தால் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்லியிருப்பார்கள்.

நாற்சந்தியில் நிற்கும் அதே போலீஸ்காரருக்கு எங்கள் வீட்டில் வைத்த பெயர் டார்ச். நல்ல வெயிலிலும் டார்ச் அடித்துத்தான் வண்டிக்குள் பார்ப்பார். முதல் முறை அத்தானை நிறுத்தியபோது பொடியைத் தொட்டு முகர்ந்துவிட்டு, டிக்கியைத் திறக்கச் சொன்னார். உள்ளே அட்டைப்பெட்டி. பெட்டியைத் திறந்து டார்ச் அடித்தார். வரிசை வரிசையாகத் தாடைகள் அவரைப் பார்த்து இளித்தன. மனிதர் பின்னால் சாய்ந்ததில் தொப்பி கழன்று விழுந்துவிட்டது. அத்தான் அதை எடுத்துத் தட்டிக் கொடுத்தார். தொப்பியிலும் பொடி ஒட்டிக்கொண்டது.

இது யாருடைய பல் என்று டார்ச் ஒவ்வொன்றாகக் கேட்டார். அத்தானுக்குப் பொய் சொல்ல வராது. இது ஒரு டீச்சருடையது, இது லாரி ஓனருடையது, இது ஒரு ரிட்டயர்டு ஜட்ஜுடையது என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஜட்ஜ் என்றதும் டார்ச் அந்தப் பெட்டியை மரியாதையாக மூடினார். போகலாம் என்றார். அடுத்த வாரமும் நிறுத்தினார். அதற்கடுத்த வாரமும் நிறுத்தினார். ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பார்ப்பதுபோலவே பார்த்தார்.

4

(இந்த இடத்தில் என்னைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம்.)

எனக்கு முகத்தில் பால் வடியும் என்பார்கள். வட்டக் கண்ணாடி, வழுவழுப்பான கன்னம், தொலைந்துபோன பையனைப்போல ஒரு பார்வை. நான் மோசமாக வண்டி ஓட்டுகிறவன். என் காரின் பின்விளக்கு உடைந்து காலம் ஆகிவிட்டது. ஒருதடவை ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் நுழைந்துவிட்டேன். இதே டார்ச் ஓடிவந்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன். எதிரே வந்த வண்டிகளையெல்லாம் கைகாட்டி நிறுத்தி, நான் திரும்பிப் போகிறவரை காத்திருந்து, "பாத்துப் போங்க சார்" என்று சல்யூட் அடித்தார்.

இதை வீட்டில் சொன்னபோதும் எல்லோரும் சிரித்தார்கள். இப்போது நினைத்துப் பார்க்கிறேன், அன்றைக்கும் அக்காவின் மகள் சிரிக்கவில்லை.

5

டார்ச்சை என்ன செய்வது என்று தெரியாமல் கதை சில வாரம் அப்படியே கிடந்தது.

முதல் பிரதியில் அவருக்கு முறுக்கு மீசை வைத்தேன். தொப்பை வைத்தேன். பல்லைக் குத்திக்கொண்டே பேசவைத்தேன். அக்கா படித்துவிட்டு, ஆளை நேரில் பார்த்திருக்கிறாயா என்று கேட்டாள். பார்த்திருக்கிறேன். ஒல்லியானவர். எந்நேரமும் ஜலதோஷம். தொண்டைக்கு ஏதோ மாத்திரையைச் சப்பிக்கொண்டே நிற்பார். அப்படியானால் மீசை எங்கிருந்து வந்தது என்றாள் அக்கா. வில்லனுக்கு மீசை வேண்டுமே என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வாடிக்கையாளரின் புருவத்தைத் திருத்தப் போய்விட்டாள்.

மீசையை எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு வில்லனும் போய்விட்டார். வெயிலில் நிற்கும் ஜலதோஷக்காரர் ஒருவர்தான் மிஞ்சினார். அவர் கெட்டவர் என்று எழுதினால் என் வேலை சுலபம். ஆனால் அவர் அத்தானை ஒருநாளும் அடிக்கவில்லை, திட்டவில்லை, கைநீட்டிக் காசு கேட்கவில்லை. நிறுத்தினார், அவ்வளவுதான். நிறுத்திக்கொண்டே இருந்தார். இப்படிப்பட்டவரைக் கதையில் வைத்துக்கொண்டு நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

6

இனிமேல்தான் கதை.

அத்தானின் மகள் நீச்சல்காரி. (வீட்டில் தவளை என்போம். அந்தப் பெயரை எழுதக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். அதனால் அடைப்புக்குறிக்குள் எழுதுகிறேன்.) பள்ளிகளுக்கிடையே நடக்கும் போட்டி ஒன்றுக்கு அத்தான் அவளைக் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர்களுக்குக் கொடுக்க வேண்டிய பல்செட்களும் டிக்கியில் இருந்தன. நாற்சந்தியில் டார்ச். பெட்டி பெட்டியாகத் திறந்து, மூடி, பேப்பர் பார்த்து, விடுவித்தார். குளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் நீந்த வேண்டிய சுற்று முடிந்து, மற்றப் பெண்கள் தலை துவட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் நீச்சலுடையின்மேல் போட்டிருந்த சட்டையைக் கழற்றாமலேயே வீடு திரும்பினாள். வழியில் அத்தான் ஐஸ்கிரீம் வாங்கித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம்பா என்றாள்.

அடுத்த போட்டி வந்தது. பெரிய போட்டி. அதில் தேறினால்தான் மேற்கொண்டு பயிற்சிக்கு எடுப்பார்கள். முதல் நாள் சாயங்காலம் அவள் பையில் துண்டையும் கண்ணாடியையும் வைத்துக்கொண்டிருந்தாள். அத்தான் பக்கத்தில் நின்று, நாளைக்குச் சீக்கிரமே கிளம்பிவிடலாம் என்றார். அவள் பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே சொன்னாள்.

"நாளைக்கு மாமா கூட்டிட்டுப் போகட்டும்பா."

மிகவும் பிரியமாகச் சொன்னாள். அப்பாவுக்கு வேலை இருக்குமே என்று சேர்த்துக்கொள்ளவும் செய்தாள். அத்தான் சரிம்மா, மாமா நல்லா ஓட்டுவான் என்றார். பின்னறைக்குப் போனார். இயந்திரத்தை ஓடவிட்டார். அன்றைக்கு அரைப்பதற்கு எந்தப் பல்லும் இல்லை என்பது எனக்கும் அக்காவுக்கும் தெரியும்.

[இந்த இடத்தில் அவருடைய சிவந்த கண்களிலிருந்து]

வேண்டாம். அவருக்குத் தாங்க முடியாத கஷ்டமாக இருந்தது. அவ்வளவு போதும்.

7

அக்கா அப்போதே ஒரு முடிவுக்கு வந்தாள். கத்தரிக்கோல், ரேஸர், டிரிம்மர், பூச்சு டப்பாக்கள் எல்லாவற்றையும் எடுத்துவைத்தாள். அழகுநிலையத்தின் நாற்காலியில் அத்தானை உட்காரவைத்தாள். அதில் அவர் உட்கார்ந்ததே இல்லை. முழங்கால் கண்ணாடியில் இடித்தது.

தாடி போயிற்று. அதற்கடியில் இவ்வளவு சின்ன முகவாய் இருக்கும் என்று கட்டியவளே எதிர்பார்க்கவில்லை. தழும்பின்மேல் பூச்சு வைத்து, புருவத்தைப் பென்சிலால் ஒட்டினாள். பவர் இல்லாத கண்ணாடி ஒன்றை மாட்டினாள். வெளிர்நீலச் சட்டை. கறுப்புக் காரைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. தேய்த்துக் கழுவிப் பொடியை எல்லாம் எடுத்தோம்.

அத்தான் தன் பங்குக்குச் சும்மா இருக்கவில்லை. அவருடைய முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. சிரித்தால் கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தெரியும் என்று அவருக்கே ஒரு எண்ணம். பின்னறைக்குப் போய், அந்தச் சந்தை மறைக்கிறாற்போல் மெல்லிய முன்பல் தகடு ஒன்றைச் செய்து மாட்டிக்கொண்டு வந்தார். வேலை பிரமாதம். பேச்சுதான் கொஞ்சம் வழுக்கியது. 'ச', 'த' வரும் இடமெல்லாம் காற்றுப் போயிற்று.

சோதித்துப் பார்க்க அன்று ராத்திரியே நாற்சந்திக்குப் போனோம். டார்ச் எங்களைப் பார்த்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, போ போ என்று கையை வீசினார். அத்தான் பழக்கத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டார். டார்ச் எரிச்சலுடன் மறுபடி கையை வீசினார். போக்குவரத்துக்கு இடைஞ்சலாக நிற்கிறோமாம். கொஞ்ச தூரம் ஓட்டிய பிறகு அத்தான் சொன்னார்.

"நேத்தும் நான்தானே, மாப்ளே."

  மறுநாள் அப்பாவே கூட்டிட்டுப் போகட்டும் என்று மகள் ஒப்புக்கொண்டாள். நானும் துணைக்கு வருவதாக ஏற்பாடு.

இங்கே நிறுத்திவிட்டு ஒரு கேள்வி கேட்கிறேன். அக்காவும் அத்தானும் சேர்ந்து செய்த வேலையில் ஒரு ஓட்டை இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்துவிட்டதா? எங்களுக்குத் தெரியவில்லை. அக்காவின் தொழில், ஆளை அடையாளம் தெரியாமல் ஆக்குவது. அத்தானின் தொழில், இல்லாத பல்லை இருப்பதாகக் காட்டுவது. இருவரும் தங்கள் வேலையைக் குறைவில்லாமல் செய்தார்கள். நாங்கள் மூன்று பேரும் கண்ணாடியைப் பார்த்தோமே தவிர, அத்தானின் லைசென்ஸை எடுத்து ஒருதரம் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

8

போட்டி நாள். மகள் முன்னால், நான் பின்னால். நாற்சந்தியை அலுங்காமல் தாண்டினோம். அவள் பாட்டு முணுமுணுக்கிறாள். எனக்கும் நிம்மதி.

மேம்பாலத்துக்கு அடியில் வரிசை. இளவயது பெண் போலீஸ் ஒருவர் சோதனை போட்டுக்கொண்டிருந்தார். யாரையும் பொறுக்கி எடுக்கவில்லை. வருகிற வண்டி எல்லாவற்றையும் நிறுத்தினார். பளபளக்கும் பெரிய கார், தண்ணீர் லாரி, மருந்து கொண்டுபோகிறவர், எல்லோரும் லைசென்ஸை நீட்டினார்கள். இப்படித்தான் செய்ய வேண்டும் என்று நான் பின்னிருக்கையில் பாராட்டிக்கொண்டேன்.

அத்தான் நீட்டினார். அந்தப் பெண் படத்தைப் பார்த்தார். அத்தானைப் பார்த்தார். படத்தை மறுபடி பார்த்தார். படத்தில் தாடி, தழும்பு, முறைப்பு. வண்டியில் முகவாய் சின்னதான ஒரு கண்ணாடிக்காரர்.

"இது யாரு?"

"நான்தாங்க" என்றார் அத்தான், காற்றுப் போகும் குரலில். தகடுதான் பேச்சைக் கெடுக்கிறது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். வாய்க்குள் விரலை விட்டு முன்பல்லைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இப்போது பாருங்கள் என்றார். அந்தப் பெண் ஓரடி பின்னால் போய் லத்தியைப் பிடித்தார்.

நான் இறங்கினேன். பால் வடியும் முகம் இதற்குக்கூட உதவாவிட்டால் எதற்கு? இவர் என் அத்தான், குழந்தைக்குப் போட்டி இருக்கிறது, வேண்டுமானால் வண்டியை நானே ஓட்டுகிறேன் என்று சொல்லி, என் லைசென்ஸைப் பெருமையுடன் நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார். அது காலாவதியாகி வருஷக்கணக்காகிறது என்றார். எனக்கே அப்போதுதான் தெரியும். அதை யாரும் என்னிடம் கேட்டதே இல்லை.

"உங்களைப் பார்த்தா அப்படித் தெரியலையே சார்" என்று அந்தப் பெண் உண்மையாகவே வருத்தப்பட்டார். வருத்தப்பட்டுக்கொண்டே அபராதம் எழுதினார்.

உங்களை அடையாளம் காட்ட ஆள் இருக்கிறதா என்று அந்தப் பெண் கேட்டதற்கு அத்தான் யோசித்தார். டாக்டர்கள் யாரும் அந்த நேரத்தில் போனை எடுக்க மாட்டார்கள். கடைசியில், நாற்சந்தியில் நிற்கும் சாருக்கு என்னை நன்றாகத் தெரியும், வாரா வாரம் நிறுத்தி வண்டியைச் சோதிப்பார் என்றார். நற்சான்று கொடுக்க இதைவிட மோசமான வாக்கியம் ஒன்றை என்னால் எழுத முடியாது. ஆனாலும் அந்தப் பெண் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார்.

9

இந்தப் பகுதியைப் பலதடவை எழுதிப் பார்த்தேன். வேடிக்கையாக வரவில்லை. வந்தபடி விடுகிறேன்.

டார்ச் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு, இந்த ஆளைத் தெரியாது என்றார். நேற்று வழியை மறித்து நின்ற மக்கு மாதிரி இருக்கிறது என்றார். மகள் மணியைப் பார்த்தாள். அத்தான் அவளைப் பார்த்தார். எல்லாம் போயிற்று என்று அவருக்குத் தோன்றியது. தாடியைக் கொடுத்தும் அவளைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியவில்லையே என்று நினைத்தார். இது அவரே பின்னால் என்னிடம் சொன்னது.

டார்ச் டார்ச்சை எடுத்துக்கொண்டு கார் பக்கம் வந்தார். அவர் வருவதைப் பார்த்ததும் அத்தான் எந்த யோசனையும் இல்லாமல் செய்ய வேண்டியதைச் செய்தார். நான்கு ஜன்னல்களையும் இறக்கினார். உள்விளக்கைப் போட்டார். டிக்கியின் பூட்டைத் திறந்துவிட்டார். பிறகு இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கின் மேல், விரல்களை விரித்து, தெரியும்படி வைத்துக்கொண்டு நேரே பார்த்தார்.

டார்ச் நின்றுவிட்டார். "ஆமா" என்றார். "இவருதான்."

எப்படித் தெரியும் என்று அந்தப் பெண் கேட்டார். இதையெல்லாம் சொல்லாமலேயே இவ்வளவு சுத்தமாகச் செய்கிறவர் இந்த ஊரில் வேறு யாரும் கிடையாது என்றார் டார்ச். சொல்லும்போதே அவர் குரல் கொஞ்சம் இறங்கிப்போயிற்று. ஏனென்றால் டார்ச் வெளிச்சம் அதற்குள் காரின் மறுபக்கம் விழுந்திருந்தது. மகளும் தன் இரண்டு கைகளையும் முன்னால் இருந்த பலகையின் மேல், விரல்களை விரித்து, வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"பாப்பா, நீ கையை எடும்மா. உன்னை யாரும் ஒண்ணும் சொல்லலையே."

"சொல்றதுக்கு முன்னாடி வச்சாத்தான் சார் சீக்கிரம் விடுவாங்க" என்றாள் அவள்.

அவளுக்கு யாரும் இதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து வந்தது. அத்தான் அதை அப்போதுதான் கவனித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. டார்ச் டார்ச்சை அணைத்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார். அது ஜலதோஷமா வேறு ஏதாவதா என்று நான் எழுதப்போவதில்லை. அவர் வில்லன் இல்லை என்று சொன்னேனே தவிர, நல்லவர் என்று சொல்லவில்லை.

10

முடிவுகள்.

(அ) நேரம் கடந்துவிட்டது. இந்தத் தடவையும் மற்றப் பெண்கள் தலை துவட்டிக்கொண்டிருக்கிறார்கள். இந்த முடிவைத்தான் முதலில் எழுதினேன். மகள் தாளை வாங்கிக் கிழித்துவிட்டாள்.

(ஆ) போய்ச் சேர்ந்தாள், முதலாவதாக வந்தாள், கோப்பையை அப்பா கையில் கொடுத்தாள். இதையும் அவளே கிழித்தாள். தன் காலில் அவ்வளவு வேகம் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

(இ) நடந்தது. டார்ச் மோட்டார் சைக்கிளில் முன்னால் போய் வழி விலக்கிக் கொடுத்தார். போலீஸ்காரர் முன்னால், அத்தான் பின்னால். பார்த்தவர்களெல்லாம் பிடித்துக்கொண்டு போவதாகவே நினைத்தார்கள். எங்கள் தெருக்காரர் ஒருவர் அக்காவுக்குப் போன் போட்டு, உங்கள் காரில் யாரோ கண்ணாடிக்காரன் மாட்டிக்கொண்டு போகிறான், உங்கள் வீட்டுக்காரரைக் காணவில்லை என்று சொல்லியிருக்கிறார். அக்கா வாடிக்கையாளரைப் பாதிப் புருவத்தோடு விட்டுவிட்டுக் குளத்துக்கு ஓடிவந்தாள்.

மகள் நீந்தினாள். நான்காவதாக வந்தாள். தேறியவர்களின் வரிசையில் அவள்தான் கடைசி, ஆனால் தேறிவிட்டாள். சுவரைத் தொட்டதும் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கிக் கூட்டத்தில் தேடினாள். வரிசையை ஒருதரம் பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள். அத்தான் எதிரிலேயே நிற்கிறார், அவள் பார்வை அவரைத் தாண்டித் தாண்டிப் போகிறது. கடைசியில் அவர் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டினார். பிறகுதான் சிரித்தாள்.

திரும்பி வரும்போது ஈரத் தலையைக் கோதிக்கொண்டு சொன்னாள். "தாடி இருந்தா சட்டுனு கண்டுபிடிச்சிருப்பேன்பா."

அத்தான் முன்பல் தகட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தார். பிறகு அதை டிக்கியில் ஜட்ஜின் புதுப் பல்லோடு போட்டுவைத்தார்.

11

ஆக, தாடி மறுபடி வளர்கிறது.  பூச்சு இல்லாமல் தழும்பு பழையபடி தெரிகிறது. இப்போதைக்கு அவர் லைசென்ஸ் படத்தைப்போலவும் இல்லை, வழவழப்பாகவும் இல்லை. ரெண்டுங்கெட்டான் நிலை. இந்த நிலையில் போன திங்கட்கிழமை நாங்கள் நாற்சந்தி வழியே போக வேண்டியிருந்தது. அவர் ஓட்டினார், மகள் முன்னால், லைசென்ஸ் இல்லாத நான் பின்னால். டிக்கியில் பல். ஸ்டியரிங்கில் பொடி. டார்ச் நின்றுகொண்டிருந்தார்.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். எழுதியும் வைத்திருந்தேன். அத்தான் படித்துவிட்டு, அந்தக் கடைசிப் பக்கத்தை மட்டும் தன்னிடம் கொடுத்துவிடச் சொன்னார்.

"நிறுத்தினாருன்னு எழுதினா, படிக்கிறவங்க ஐயோ பாவம்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. நிறுத்தலைன்னு எழுதினா, எல்லாம் சரியாப் போச்சுன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. ரெண்டும் வேணாம் மாப்ளே."

பிறகு எப்படித்தான் முடிப்பது என்று கேட்டேன். அவர் ஒரு தாடையைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டே, படிக்கிறவரைக் கொண்டுபோய் அங்கே நிற்கவை என்றார்.

ஆகவே நில்லுங்கள். வெயில் அடிக்கிறது. உங்களுக்கு ஜலதோஷம். கையில் டார்ச் இருக்கிறது. என் உடைந்த விளக்குக் காரை இப்போதுதான் சிரித்துக்கொண்டே அனுப்பிவைத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பின்னால் ஒரு பழைய கறுப்புக் கார் வருகிறது. ஓட்டுகிறவரின் முகத்தை நீங்கள் இரண்டாம் பகுதியிலேயே மனப்பாடம் செய்துவிட்டீர்கள். இனி மறக்கச் சொல்லிப் பயனில்லை. கையைத் தூக்குவதா வேண்டாமா என்பது உங்கள் பாடு. நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டுக்கொள்கிறேன். அவருக்குப் பக்கத்தில் ஈரத் தலையோடு ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். உங்களைத் தூரத்தில் பார்த்ததுமே அவள் தன் கைகளை எங்கே கொண்டுபோகிறாள் என்று பாருங்கள். பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.